அப்பாவுக்கு ஐந்திணைப் போர்வை: நூல், நிறம், வரிசை பற்றி யோசனை சொல்லுங்கள்

நூல்பிரியை · செப்டம்பர் 7, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்காகக் குரோஷேவில் ஒரு போர்வை பின்னப் போகிறேன். அவருக்கு 76 வயது. 31 வருடம் தமிழாசிரியராக இருந்தவர். இப்போது உடுமலையில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். மார்கழி பிறந்தால் அங்கே மலைக்காற்று இறங்கும். விடியற்காலையில் எழுந்து திண்ணையில் உட்காரும் பழக்கத்தை மட்டும் அவர் விடமாட்டார். மேலே ஒரு துண்டுதான் இருக்கும்.

சின்ன வயதில் எங்களுக்கு அவர் ஐந்து திணைகளையும் விரல் விட்டுச் சொல்லிக் கொடுத்தார். கட்டைவிரல் குறிஞ்சி, சுண்டுவிரல் பாலை. அதனால் போர்வையும் ஐந்திணையாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். குறிஞ்சிக்கு ஊதா, முல்லைக்குப் பச்சையும் வெள்ளையும், மருதத்துக்கு நெல் மஞ்சள், நெய்தலுக்கு நீலம், பாலைக்குக் காவி.

அளவு 45 அங்குல அகலம், 60 அங்குல நீளம். 5 அங்குலக் கிரானி சதுரங்கள் (நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாகப் பின்னும் சதுரம்). 8 பிளை அக்ரிலிக் நூல், 4 மி.மீ. ஊசி. கேள்விகள் மூன்று. நூல் எவ்வளவு வாங்க வேண்டும்? திணைகளை எந்த வரிசையில் வைக்கலாம்? காகிதத்தில் வண்ணம் தீட்டிப் பார்த்தேன், பாலைக் கட்டம் மட்டும் வறண்டு போய்க் கண்ணை உறுத்துகிறது. அதைச் சின்னதாக்கிவிடலாமா?

கண்ணி எண்ணுபவள் · செப்டம்பர் 7, இரவு 10.25

அருமையான யோசனை. நூல் கணக்கை நான் சொல்கிறேன்.

அகலத்தில் 9, நீளத்தில் 12, ஆக 108 சதுரம். நீங்கள் சொன்ன நூலில் 5 அங்குலச் சதுரம் ஒன்று எனக்கு ஏறக்குறைய 10 கிராம் பிடிக்கும். அப்படிப் பார்த்தால் 1,080 கிராம். ஓரப் பின்னலுக்கும் தவறிப் பிரிப்பதற்கும் சேர்த்து 1,300 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் என் கை இறுக்கம் வேறு, உங்கள் கை இறுக்கம் வேறு. முதலில் ஒரு சதுரம் பின்னி, சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு 108-ஆல் பெருக்குங்கள்.

நூல்கண்டின் தாளில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் லாட் எண் ஒன்று இருக்கும். அது சாயத் தொட்டியின் எண். ஒரு நிறத்துக்கு வேண்டியதை ஒரே லாட்டில் மொத்தமாக வாங்கிவிடுங்கள். தங்கை மகளுக்கு நான் பின்னிய போர்வையில் நீலம் பாதியில் தீர்ந்துபோனது. மறுபடி போனபோது கடைக்காரர் அதே எண்தான் என்று கொடுத்தார். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றாகத்தான் தெரிந்தது. மொட்டை மாடியில் விரித்ததும் நடுவில் கோடு கிழித்தது போல இரண்டு நீலம். 14 சதுரங்களைப் பிரித்தேன்.

திருப்பூர் பாலா · செப்டம்பர் 8, காலை 7.10

அக்கா, உடுமலை எங்கள் பக்கம்தான். தையில் குளிர் குறைந்துவிடும், மாசியில் அக்ரிலிக் வேர்க்கும். பருத்தி நூலில் பின்னினால் வருடம் முழுக்கப் பயன்படுமே?

நூல்பிரியை · செப்டம்பர் 8, காலை 11.30

நானும் பருத்தி பற்றி யோசித்தேன் பாலா. அதே நீளத்துக்குப் பருத்தி நூல் எடை கூடுதல். துவைத்தால் தண்ணீரைக் குடித்துக்கொண்டு தொங்கும், காய ஒன்றரை நாள் ஆகும். அப்பாவே மடித்து எடுத்து வைக்கும்படி இருக்க வேண்டும் என்பது என் ஆசை. 76 வயதுக் கைக்கு அரைக் கிலோ கூடினாலும் தெரியும். அண்ணி அதை வாஷிங் மெஷினில்தான் போடுவார்கள். எனவே அக்ரிலிக்.

வைகறை வாசகன் · செப்டம்பர் 8, மாலை 6.05

அம்மா, எனக்கு ஊசியும் தெரியாது, நூலும் தெரியாது. மனைவி இந்தக் குழுவில் இருக்கிறார். அவர் காட்டினார், அதனால் எழுதுகிறேன். நானும் தமிழ் நடத்தியவன்.

பாலையைச் சின்னதாக்காதீர்கள். பாலைக்குத் தனி நிலம் கிடையாது. குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் காய்ந்து, தம் இயல்பு கெட்டுப் போன நிலைதான் பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. எனவே ஓரத்தில் ஒரு காவிப் பட்டையாக வைத்தால்தான் அது அந்நியமாகத் தெரியும். குறிஞ்சிக்கும் முல்லைக்கும் நடுவில் வையுங்கள். மலைப்பச்சை வெளிறிக் காவியாகி, அந்தக் காவி மறுபடி காட்டுப்பச்சையாகட்டும். உறுத்தாது. உங்கள் அப்பாவுக்குச் சொல்லாமலே புரியும்.

இன்னொன்று. ஒவ்வொரு திணைக்கும் பொழுது உண்டு. குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறையும் விடியலும், நெய்தலுக்கு எற்பாடு, அதாவது பொழுது சாயும் நேரம், பாலைக்கு நண்பகல். நிலத்தின் நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பொழுதை விட்டுவிட்டால் பாதித் திணைதான் வரும்.

நூல்பிரியை · செப்டம்பர் 8, இரவு 10.50

ஐயா, மிக்க நன்றி. வரிசை கிடைத்துவிட்டது. மேலே மலை, கீழே கடல். மேலிருந்து 3 வரிசை குறிஞ்சி, 2 பாலை, 2 முல்லை, 2 மருதம், 3 நெய்தல். மொத்தம் 12. கழுத்தில் மலை, காலடியில் கடல்.

பொழுதுக்கும் இடம் கண்டுபிடித்துவிட்டேன். ஒரு சதுரத்துக்கு 5 சுற்று. முதல் இரண்டு பூ, அடுத்த இரண்டு நிலம், கடைசிச் சுற்று பொழுது. யாமத்துக்குக் கறுப்பை ஒட்டிய நீலம், நண்பகலுக்கு வெளிர் மஞ்சள், மாலைக்குக் கத்தரிப்பூ, விடியலுக்கு ரோஸ், எற்பாட்டுக்குச் செம்பு.

கொடைக்கானல் குளிர் · செப்டம்பர் 9, காலை 8.15

குறிஞ்சிக்கு நூல் வாங்குமுன் ஒரு வார்த்தை. கடையில் ஊதா என்று கேட்டால் திராட்சை நிறத்தை எடுத்து வைப்பார்கள். நீலக்குறிஞ்சி அப்படி இருக்காது. 12 வருடத்துக்கு ஒரு முறை பூக்கும். 2006-இல் பார்த்தேன், 2018-இல் பேத்தியைக் கூட்டிப்போய்ப் பார்த்தேன். பக்கத்தில் போனால் வெளிறிய ஊதா, கொஞ்சம் நீலம் கலந்தது. ஒற்றைப் பூவாகப் பார்த்தால் அவ்வளவு அழுத்தமே இல்லை. சரிவு முழுக்கப் பூத்துத் தூரத்திலிருந்து பார்க்கும்போதுதான் மலையே நீலமாகும். அதனால் அழுத்தமான ஊதா வேண்டாம். லாவெண்டரும் வெளிர் நீலமும் வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள்.

நாஞ்சில்காரி · செப்டம்பர் 9, மதியம் 2.30

எல்லோரும் நிறத்தையே பேசுகிறீர்கள். நான் பூவுக்கு வருகிறேன். முல்லை வெள்ளை. பாலைக்கு வெட்பாலைப் பூவை எடுத்தால் அதுவும் வெள்ளை. மருத மரத்தின் பூ வெளிர்மஞ்சள், அதுவும் வெள்ளைக்குப் பக்கம்தான். குறிஞ்சியும் நெய்தலும் நீலத்தை ஒட்டியவை. நடுப்பூவை வைத்துத் திணையைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் மூன்று வெள்ளை, இரண்டு நீலம் என்று நிற்கும்.

கேட்கத் தயக்கமாக இருக்கிறது, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பாவுக்குப் பார்வை எப்படி? என் அம்மாவுக்குக் கண் மங்கிய பிறகு நான் ஆசையாகப் பின்னிய விரிப்பில் ரோஸ் எது, ஆரஞ்சு எது என்று அவருக்குத் தெரியவில்லை. விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அம்மா திண்டு லேஸ், அதாவது திண்டின் மேல் வைத்துப் பின்னும் லேஸ், பின்னியவர். எங்கள் பக்கம் அது பழைய தொழில். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் மிஷனரி குடும்பமான மால்ட் வீட்டார் சொல்லிக் கொடுத்தது. அவர்கள் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து போன பிறகு இடையன்குடியிலும் பரவியது. லேஸ் பின்னியவர்களுக்கு விரல்தான் கண். ஒரு இழை தப்பினாலும் அம்மா தடவியே சொல்லிவிடுவார்.

நூல்பிரியை · செப்டம்பர் 9, இரவு 11.20

அக்கா, நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், எழுத மனம் வரவில்லை.

அப்பாவுக்குக் கண்ணில் நீர் அழுத்த நோய். சொட்டு மருந்து தவறாமல் போடுகிறார், ஆனால் பக்கவாட்டுப் பார்வை நிறையப் போய்விட்டது. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது என்பார். நல்ல வெளிச்சத்தில் பக்கத்தில் பிடித்தால் நிறம் தெரிகிறது. அடுத்தடுத்த இரண்டு வெளிர் நிறங்கள் ஒன்றாகிவிடும். புத்தகத்தையே இப்போது ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் படிக்கிறார்.

உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் உறைத்தது. மலை மேலே, கடல் கீழே என்று நான் போட்ட படம் முழுப் போர்வையையும் ஒரே பார்வையில் பார்ப்பவருக்கு. அவருக்கு ஒரு சமயத்தில் ஒரு சதுரம்தான் தெரியும். பச்சை மெல்ல வெளிறுவதெல்லாம் அவர் கண்ணுக்கு எட்டாது.

நாஞ்சில்காரி · செப்டம்பர் 10, காலை 6.50

அப்படியானால் ஒவ்வொரு சதுரமும் தானே பேச வேண்டும். கையில் பிடித்தாலே இது எந்தத் திணை என்று தெரிய வேண்டும். வரிசையை மாற்ற வேண்டாம், அது பேரப்பிள்ளைகள் பார்க்க இருக்கட்டும். பின்னலை மட்டும் திணைக்குத் திணை மாற்றுங்கள்.

குறிஞ்சிக்குப் பாப்கார்ன். ஒரே கண்ணியில் 5 டபுள் (ஊசியில் ஒரு முறை நூலைச் சுற்றிப் போடும் உயரமான கண்ணி) போட்டு, ஊசியைக் கழற்றி, முதல் டபுளின் தலையில் நுழைத்து, விட்ட வளையத்தைப் பிடித்து இழுத்தால் குமிழாக எழும்பும். குறிஞ்சி கொத்தாகத்தானே பூக்கிறது.

முல்லைக்குச் சின்ன மொட்டு. மூன்று சங்கிலி போட்டு அதே இடத்தில் ஸ்லிப் (நூலை இழுத்து முடிக்கும் உயரமில்லாத கண்ணி) போட்டால் பிக்கோ. விரல் நுனிக்கு மட்டும் தட்டுப்படும்.

மருதத்துக்கு உழவுசால். டபுளைக் கண்ணியின் தலையில் போடாமல், கீழ்ச் சுற்று டபுளின் தண்டை முன்பக்கமாகச் சுற்றிப் போடுங்கள். வரப்பு மாதிரி மேடு நிற்கும்.

நெய்தலுக்கு அலை. ஒரு சுற்றை முன்பக்க இழையில் மட்டும் சிப்பிச் சிப்பியாகப் போட்டுவிட்டு, அடுத்த சுற்றைப் பின்பக்க இழையில் போடுங்கள். சிப்பிகள் எழுந்து நிற்கும், சதுரத்தின் கணக்கும் கெடாது.

பாலைக்கு ஒன்றும் வேண்டாம். வெறும் சிங்கிள், அதாவது குட்டைக் கண்ணி, அடர்த்தியாக, மொட்டையாக.

கொடைக்கானல் குளிர் · செப்டம்பர் 10, காலை 9.00

பாலைக்கு ஒன்றும் வேண்டாம் என்றதைப் படித்துவிட்டு ஊசியைக் கீழே வைத்துவிட்டேன் நாஞ்சில் அக்கா. விரல் தேடும், எதுவும் கிடைக்காது. பாலை அதுதான்.

நிறத்திலும் அடுத்தடுத்த சுற்றுகளை எதிரும் புதிருமாக வையுங்கள். வெளிர் பூவுக்கு அழுத்தமான நிலம். அப்போது குழாய்ப் பார்வைக்கும் எல்லை தெரியும்.

நூல்பிரியை · செப்டம்பர் 28, இரவு 10.10

வர்த்தமான் நூலில் 13 நிறம் வாங்கி வந்தேன். எல்லாம் ஒரே கடையில், லாட் எண் பார்த்து. ஒரு வாரமாகப் பின்னுகிறேன், 15 சதுரம் ஆயிற்று. இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஒன்று, பாப்கார்ன் சதுரம் மற்றவற்றைவிடக் கால் அங்குலம் சிறிதாக வருகிறது. 27 குறிஞ்சிச் சதுரத்தையும் இப்படிப் பின்னினால் போர்வையின் மேல்பக்கம் சுருங்கிவிடும்.

இரண்டு, சிப்பிப் பின்னலுக்கு ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்தேன். டபுள் என்று போட்ட இடத்தில் டபுள் போட்டால் படத்தில் இருப்பது போல் வரவில்லை. உயரமாக, ஓட்டை ஓட்டையாக வருகிறது. நான்கு முறை பிரித்துவிட்டேன்.

மைதிலி_சென்னை · செப்டம்பர் 29, காலை 10.20

இரண்டாவது சிக்கல் நிறையப் பேருக்கு வருவது. அந்தப் புத்தகம் பிரிட்டிஷ் முறையில் எழுதியதாக இருக்கும். பிரிட்டிஷ்காரர்களின் டபுள்தான் அமெரிக்கர்களின் சிங்கிள். அமெரிக்க டபுளுக்கு அவர்கள் டிரெபிள் என்பார்கள். நம் ஊரில் பழைய கைவேலைப் புத்தகங்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் முறை, வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்க முறை. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இன்றைய பிரிட்டிஷ் முறையில் சிங்கிள் குரோஷே என்ற பெயர் கிடையாது. புத்தகத்தில் எங்காவது சிங்கிள் என்று இருந்தால் பெரும்பாலும் அமெரிக்க முறை. இந்தக் குழுவில் நாம் எழுதுவது அமெரிக்க முறை.

சதுரம் சிறுப்பதற்குப் பாப்கார்ன் சுற்றில் மட்டும் 4.5 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள். அப்படியும் மிச்சம் இருந்தால் கடைசிச் சுற்றில் சரிசெய்யலாம். எல்லாச் சதுரத்திலும் ஒரு பக்கத்துக்கு ஒரே எண்ணிக்கைக் கண்ணி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எண்ணிக்கை ஒத்துப்போனால் இணைக்கும்போது சின்ன வித்தியாசத்தை நூலே வாங்கிக்கொள்ளும்.

2016 ஜனவரியில் சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் குழு 11,148.5 சதுர மீட்டர் போர்வை பின்னிக் கின்னஸ் சாதனை செய்ததே, அதற்குத் துண்டு பின்னிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. எத்தனையோ பேருடைய கை இறுக்கம், எத்தனையோ நூல். அங்கே கற்றுக்கொண்டதுதான் இது. அளவுநாடாவோடு கண்ணி எண்ணிக்கையையும் பாருங்கள்.

கண்ணி எண்ணுபவள் · செப்டம்பர் 29, மதியம் 12.40

நூல் முனைகளை என்ன செய்கிறீர்கள்? சதுரத்துக்கு மூன்று நிறம், ஆறு முனை. 108 சதுரத்துக்கு 648. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் போர்வை அலமாரியிலேயே கிடக்கும். அன்றன்றைக்குப் பின்னியதை அன்றைக்கே செருகிவிடுங்கள். 6 அங்குலம் விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து, ஒரு திசையில் போய், ஒரு கண்ணி தாண்டித் திரும்பி, மறுபடி ஒரு முறை போக வேண்டும். அக்ரிலிக் வழுக்கும், ஒரே திசையில் இழுத்தால் இரண்டு துவையலில் வெளியே வந்துவிடும். அப்பா தடவிப் பார்க்கப் போகிற போர்வை. நீட்டிக்கொண்டிருக்கும் முனையை முல்லை மொட்டு என்று நினைத்துவிடக் கூடாது.

நூல்பிரியை · நவம்பர் 16, இரவு 9.15

108 முடிந்தது. தரையில் பரப்பி வைத்துவிட்டு அறைக்குள் யாரையும் விடவில்லை. மைதிலி மேடம் சொன்னபடி 4.5 ஊசியில் பாப்கார்ன் சரியாக வந்தது. கடைசிச் சுற்றிலேயே பக்கத்துச் சதுரத்தோடு இணைத்துக்கொண்டு போகிறேன், தனியாகத் தைக்கிற வேலை இல்லை, உள்ளே மேடும் வராது.

மருதச் சதுரம்தான் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் நாற்று நடுவதற்கு முன்னால் உள்ள வயல்.

ஒரே சந்தேகம். அக்ரிலிக் போர்வையை இஸ்திரி போட்டு மட்டமாக்கலாமா?

நாஞ்சில்காரி · நவம்பர் 16, இரவு 9.30

வேண்டவே வேண்டாம்! அக்ரிலிக் சூட்டில் உருகும். இஸ்திரிப் பெட்டி தொட்டால் நூலின் உயிர் போய்த் துணிபோலத் தொங்கும், நீங்கள் எழுப்பிய குமிழ், வரப்பு எல்லாம் படுத்துவிடும், திரும்ப வராது. லேசாகத் தண்ணீர் தெளித்து, பாயில் விரித்து, ஓரங்களில் துருப்பிடிக்காத குண்டூசி குத்தி நிழலில் விட்டால் போதும்.

அண்ணியிடம் இதையும் சொல்லிவிடுங்கள். பழைய தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டி, மெதுவான சுற்றில், குளிர்ந்த தண்ணீரில். கொடியில் தொங்கவிடாமல் கட்டிலில் விரித்துக் காயவைக்க வேண்டும்.

நூல்பிரியை · டிசம்பர் 22, இரவு 10.35

போன வாரம் உடுமலை போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். எழுத இன்றுதான் நேரம் கிடைத்தது. 1,420 கிராம் வந்தது. பாப்கார்ன் நூலைத் தின்றுவிட்டது. பின்னப் போகிறவர்கள் குமிழ் வைத்தால் கூடவே வாங்கிக்கொள்ளுங்கள்.

என்ன போர்வை என்று சொல்லவில்லை. காலையில் திண்ணையில் உட்கார்ந்திருந்தவரின் தோளில் போட்டேன். கனமே இல்லையே என்றார். காப்பி குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மடியில் கிடந்த பகுதியைக் கையால் நீவினார். விரல் மேலும் கீழுமாகப் போனது. "என்னம்மா இது, சால் ஓட்டியிருக்கிறாய்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. போர்வையை இழுத்து இழுத்துப் பார்த்தார். கொஞ்சம் மேலே பிக்கோ, அதற்கு மேலே ஒன்றுமே இல்லாத இரண்டு வரிசை. அந்த வெறும் இடத்தில் கை ரொம்ப நேரம் நின்றது. அதற்கும் மேலே போய்க் குமிழைத் தொட்டதும் கையைத் திருப்பி மறுபடி வெறும் இடத்துக்கே கொண்டுவந்தார்.

"இங்கே கொண்டுவந்து பாலையை வைத்திருக்கிறாய், சரியான இடம்" என்றார்.

வாசகன் ஐயா, அதை நீங்கள் சொன்னீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். உங்கள் எண் கேட்கிறார்.

வெயில் ஏறியதும் ஒவ்வொரு சதுரமாகக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். மருதத்தின் ஓரத்தில் ரோஸைப் பார்த்துவிட்டு, "இது விடியல். வைகறை எங்கே? அப்போது இருட்டு கலையாதே" என்று கேட்டார். 18 மருதச் சதுரத்திலும் ரோஸ்தான் போட்டிருக்கிறேன். யாமத்துக்கு வாங்கிய கருநீலம் 40 கிராம் மிச்சம் இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது ஊசியோடு போகிறேன். மேல் வரிசை மருதம் ஒன்பதிலும் பொழுதுச் சுற்றின் மேலேயே கருநீலத்தில் ஒரு ஸ்லிப் வரிசை ஓட்டினால் போதும் என்று நினைக்கிறேன். பிரிக்காமல் இப்படி மேலோட்டமாகப் போட்டால் பின்பக்கம் முடிச்சு தெரியுமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

கண்ணி எண்ணுபவள் · டிசம்பர் 22, இரவு 10.50

செய்திருக்கிறேன், பின்பக்கம் சின்னச் சின்னப் புள்ளியாகத்தான் தெரியும். நூலை அடியில் பிடித்துக்கொண்டு மேலிருந்து ஊசியால் இழுங்கள், தளர்வாக. இறுக்கினால் சதுரம் சுருங்கும். ஒன்பது சதுரத்துக்கும் ஒரே நூலாக ஓட்டாமல் சதுரத்துக்குச் சதுரம் வெட்டிவிடுங்கள். 18 முனைதான் கூடும்.